முதலுதவிப் பெட்டிக்குள் இருந்த மாத்திரைகள்

ஜுலைஹா, ஹாரிஸ், என் பிள்ளைகளே, இதை முதலில் நீங்கள் இருவரும் படிக்க வேண்டும். அதன் பிறகுதான் நம் பள்ளிவாசல் மலருக்குக் கொடுப்பேன். உங்கள் அத்தா ஒன்பதாவது வரைதான் படித்தவன். எழுத்துப்பிழை இருந்தால் பென்சிலால் திருத்துங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், 2006 ரமலானில், முடிச்சூர் ரோட்டில், காரின் பின்சீட்டில் நெற்றியில் ரத்தத்தோடு உட்கார்ந்துகொண்டு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், ஜுலைஹா. நான் நோன்பு வாயோடு பொய் சொன்னேன். நீ அதை நம்பினாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று நீ முடியை இழுத்துத் தழும்பை மறைக்கும்போதெல்லாம், இவளுக்கு எல்லாம் தெரியும், எனக்காகச் சும்மா இருக்கிறாள் என்று தோன்றும். அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. அருளாளனின் பெயரைச் சொல்லி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மலரைப் படிக்கும் சகோதர சகோதரிகளுக்கும் இது என் அனுபவம். என் துஆ கபூலான, பிரார்த்தனை ஏற்கப்பட்ட கதை. ஆனால் நான் கேட்டபோது நினைத்த பதில் வேறு, வந்த பதில் வேறு.

நான் தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். எங்கள் காரில் இடதுபக்கம் உட்காருகிறவன் காலுக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். ஓட்டுகிறவர் தப்புப் பண்ணினால் நான் மிதித்துவிடலாம். அந்தச் சைக்கிள் குறுக்கே வருமா, அந்த பஸ் நிற்குமா, இந்தப் பையன் கியரைக் குனிந்து பார்த்துக்கொண்டே ரோட்டை விட்டுவிடுவானா? சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கால் எப்போதும் பிரேக் மேலேயே இருக்கும்.

2004 ஜூனில் ஒருநாள் காலை, இரும்புலியூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியது நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு தம்பி. நன்றாகத்தான் ஓட்டினான். திடீரென்று என் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கிய மாதிரி ஆனது. விரல் நுனியெல்லாம் மரத்துப் போனது. மூச்சு பாதியிலேயே நின்றது. இதோ மவுத், சாவு வந்துவிட்டது என்று நினைத்தேன். வாயில் கலிமா வந்தது.

"சார், தேர்டு கியர் போடட்டுமா சார்?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஓரம் கட்டச் சொல்லிவிட்டுப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டது. ஆனால் பயம் மட்டும் போகவில்லை. அது வீட்டுக்கு வந்து என் கூடவே தங்கிவிட்டது.

இ.சி.ஜி. எடுத்தேன். நார்மல் என்றார்கள். நான் நம்பவில்லை. வேறு இடத்தில் எடுத்தேன். அங்கேயும் நார்மல். மூன்றாவது இடத்தில் டாக்டர் உங்கள் அம்மாவை மட்டும் கூப்பிட்டுத் தனியாக ஏதோ சொன்னார். அதைப் பார்த்ததும் முடிவே பண்ணிவிட்டேன்: என் ஆயுசு முடிந்துவிட்டது, இவர்கள் சேர்ந்து மறைக்கிறார்கள். உங்கள் அம்மாவைக் கேட்டேன்.

"உங்களைப் பாத்துக்கச் சொன்னாருங்க. அவ்ளோதான்" என்றாள் நூர்ஜஹான்.

"அவ்ளோதான்னா, எவ்ளோ?"

"ஐயோ, அவ்ளோதான்னா அவ்ளோதாங்க!"

அந்த டாக்டர்தான் மனநல டாக்டரிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டை ஒரு மாதம் பர்ஸில் மடித்து வைத்திருந்தேன். என்னைப் பைத்தியம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார் என்று கோபம். அந்த ஒரு மாதத்தில் பஸ்ஸில் ஏறுவதை விட்டேன். லெவல் கிராசிங் பக்கம் போவதை விட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் கடைசி வரிசையில், செருப்புக்குப் பக்கத்தில் நின்றேன், மூச்சு முட்டினால் ஓடிவிடலாம் என்று. ஹாரிஸ், உனக்கு அப்போது நாலு வயது. உன்னைத் தூக்கிக்கொண்டு படி இறங்கவே பயந்தேன். கடைசியில் உங்கள் அம்மா சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீங்க வர்லேன்னா நான் போயி எனக்குன்னு சொல்லிப் பாத்துட்டு வரேன்" என்றாள். அந்த அவமானத்துக்குப் பயந்துதான் போனேன்.

மனநல டாக்டர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, இது பதற்ற நோய், உங்கள் உடம்பில் ஆபத்து மணி தேவையில்லாத நேரத்தில் அடிக்கிறது என்றார். தினமும் காலையில் ஒரு மாத்திரை. வேலை செய்ய சில வாரம் ஆகும். உடம்புக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்று தெரிகிறவரை காரில் உட்காரக் கூடாது. நன்றாக ஆன பிறகும் ரொம்ப நாள் சாப்பிட வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

நன்றாக ஆன பிறகும் எதற்கு? என் சந்தேகம் அங்கேதான் மாட்டிக்கொண்டது. ஒருதரம் உள்ளே இழுத்துவிட்டால் விடமாட்டார்கள் போல என்று நினைத்தேன். மாத்திரையை மார்க்கெட் பக்கம் வாங்கமாட்டேன். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று அனகாபுத்தூர் வரைக்கும் போய் வாங்குவேன். அங்கே கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தால், அடுத்த மாதம் வேறு கடை.

மாத்திரையோடு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆலோசகர் மேடம் ஒருவரிடம் பேச வேண்டும். முதலில், நிற்கும் காரில் சும்மா உட்காருங்கள் என்றார். அப்புறம் ஒரு தெரு. அப்புறம் இரண்டு தெரு. பயம் வந்தால் இறங்கி ஓடக் கூடாது. அது ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். எல்லாவற்றையும் விடக் கஷ்டமான பாடம் ஒன்று கொடுத்தார். ஆள் இல்லாத ஒரு தெரு முழுக்க, வேறொருவர் மெதுவாக ஓட்ட, நான் பிரேக் மேல் கால் வைக்காமல் உட்கார வேண்டும். எங்கள் ஸ்கூலில் இன்னொரு மாஸ்டர் செல்வம்தான் ஓட்டினார்.

"இன்னா பாய், காலைத் தூக்கி மடியில வெச்சிக்கினு கீறே? புதுப் பொண்ணு மாதிரி!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒன்றரை வருடத்தில் நான் பழைய ஆளாகிவிட்டேன். ஐந்து நேரமும் தொழுது அழுது கேட்டதற்குக் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். மாத்திரையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு 2006 ரமலான் வந்தது.

காலை டீக்குப் பிறகு சாப்பிடுகிற மாத்திரை. நோன்பு வைத்தால் பகலில் சாப்பிட முடியாது. விடிவதற்கு முன் சாப்பிடுகிற சஹர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. நன்றாகத்தானே இருக்கிறோம், இது அல்லாஹ்வாகப் பார்த்துக் கொடுத்த சாக்கு, இந்த மாதத்தோடு இதை விட்டுவிட்டால் நான் முழு நம்பிக்கைக்காரன் என்று நினைத்தேன். மருந்தை விடுவதைத்தான் ஈமான் என்று எண்ணினேன்.

உங்கள் அம்மா நேரத்தைத் தானாகவே மாற்றிக்கொண்டு, தினமும் சஹருக்கு எழுப்பி, சோற்றோடு மாத்திரையையும் பிரித்துத் தட்டோரம் வைப்பாள். நான் வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். குப்பையில் போட்டால் அவள் பார்த்துவிடுவாள். அதனால் காரில் இருந்த முதலுதவிப் பெட்டியில் போட்டேன். அது சின்னத் தகரப் பெட்டி. யாரும் திறப்பதே இல்லை. உள்ளே பஞ்சுக் கட்டு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டேன். பஞ்சு இருந்த இடத்தில் மாத்திரைகள் சேர்ந்தன. இந்த இடத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், ஜுலைஹா.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தலை சுற்றியது. திரும்பிப் பார்த்தால் மண்டைக்குள் சின்னதாகக் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. தூக்கம் போனது. எதற்கெடுத்தாலும் எரிச்சல். இரண்டாவது வாரத்தில் பழைய பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. நோன்பு முறையாக வைக்கிறேன், குர்ஆன் ஓதுகிறேன், எனக்கு ஏன் இப்படி? யாரோ எனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

முதலில் செல்வம். அவருக்கு என் கார் மேல் கண் என்று தோன்றியது. நான் வந்ததும் முதலாளியிடம் பேச்சை நிறுத்துகிறாரே! அடுத்தது டாக்டர். மாத்திரையை விட்டதிலிருந்து நான் அவரிடம் போகாததால் ஆத்திரத்தில் வீட்டுக்கு போன் பண்ணிப் பேசுகிறார் என்று நினைத்தேன். கடைசியில், அல்லாஹ் மன்னிக்க வேண்டும், உங்கள் அம்மா. மாத்திரையை நான் சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்து, நோன்புக் கஞ்சியில் வேறு எதையோ கலக்கிறாள் என்று பட்டது. பள்ளிவாசலிலிருந்து ஹாரிஸ் தூக்குவாளியில் கஞ்சி வாங்கிவருவான். அவள் அதை அடுப்பில் ஒருதரம் சுட வைப்பாள். அந்த இரண்டு நிமிஷம் சமையலறையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதே! ஒருநாள் கஞ்சியில் மஞ்சளாக ஏதோ மிதந்தது. வெந்தயம். நான் அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அன்றிலிருந்து பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டே என் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளி, அவள் கிண்ணத்தை எடுத்துக்கொள்வேன். மூன்று நாள் பார்த்தாள். நாலாவது நாள் சொன்னாள்:

"ஏங்க, ரெண்டுலயும் ஒரே கஞ்சிதான். வேணும்னா புள்ளைங்க கிண்ணத்தையும் மாத்திப் பாருங்க."

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. நாடகம் போடுகிறாள் என்று நினைத்தேன். நோய் அப்படித்தான் நினைக்க வைத்தது.

மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு, எல்லோரும் போன பிறகு பள்ளிவாசலில் தனியாக உட்கார்ந்தேன். கையேந்திக் கேட்டேன். "யா ரப்பே, என்னை ஏமாற்றுகிறவன் யார்? இந்த நோன்பு முடிவதற்குள் அவனை என் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்து." நலம் கேட்கவில்லை. ஆளைக் காட்டு என்றுதான் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அன்று சாயங்காலமே காட்டினான்.

நாலு மணி கமலா அக்காவின் நேரம். இரும்புலியூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்க வந்தவர். பேச்சு ஓயாது, ஆனால் ஓட்டுவதில் நிதானம். மழை தூறியது. பள்ளிக்கூட வாசலில் நீ குடையில்லாமல் நின்றிருந்தாய், ஜுலைஹா. பின்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். கமலா அக்கா, "வா கண்ணு, இன்னிக்கு அத்தைதான் உனக்கு டிரைவரு" என்றார். முடிச்சூர் ரோட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை. யாரும் குறுக்கே வரவில்லை. என் நெஞ்சு இறுகியது, கண் இருட்டியது, காலுக்கடியில் பிரேக் இருந்தது. மிதித்துவிட்டேன். முழு பலத்தோடு.

கார் நட்டநடுவில் நின்றது. பின்னால் வந்த ஆட்டோ இடித்தது. நீ முன்னால் வந்து சீட்டுக் கம்பியில் மோதினாய்.

ஆட்டோக்காரர் இறங்கி வந்து கத்தினார். "இன்னாய்யா, நடுரோட்டுல சாமி கும்பிடவா நிறுத்தினே? சொல்லிக்குடுக்கிற வண்டியா இது?"

"யோவ், அப்பால வந்து சண்ட போடு, கொயந்தைக்கு ரத்தம் வர்து!" என்று கமலா அக்கா அவரைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாய், பஞ்சு குடு, பஞ்சு!"

அவரே எட்டி முதலுதவிப் பெட்டியை எடுத்துத் திறந்தார். பஞ்சு இல்லை. வெள்ளை மாத்திரைகள் அவர் மடியில் கொட்டின, சீட்டில் உருண்டன, கீழே என் கால்மாட்டில் பிரேக்கைச் சுற்றி விழுந்தன.

"இன்னா பாய் இது? பஞ்சு கேட்டா மாத்திரை கொட்டுது?"

அவர் முந்தானையைச் சுருட்டி உன் நெற்றியில் அழுத்தினார். நீ அழவில்லை. சீட்டில் கிடந்த ஒரு மாத்திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்:

"அத்தா, இது அம்மா உங்களுக்குத் தினம் தர்ற மாத்திரைதானே?"

"இல்லம்மா. யாரோ ஸ்டூடண்டு வெச்சிட்டுப் போனது."

அதுதான் அந்தப் பொய். இன்னொரு பொய்யும் உண்டு. முதலாளியிடம், "கமலா அக்கா பதறிப்போய் பிரேக் அடிச்சிட்டாங்க சார்" என்று சொன்னேன். மாஸ்டர் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை. எல்லா விபத்தும் ஸ்டூடண்ட் கணக்கில்தான் போகும்.

கிளினிக்கில் உனக்கு மூன்று தையல் போட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மஃரிபு பாங்கு கேட்டது. நோன்பு திறக்கத் தண்ணீரை வாயருகில் கொண்டுபோனேன். லுஹர் நேரத்தில் நான் கேட்ட துஆ அப்போது ஞாபகம் வந்தது. என்னை ஏமாற்றுகிறவனை என் கண்ணெதிரே நிறுத்து. நிறுத்திவிட்டான். தினமும் ஒவ்வொன்றாக ஒளித்துவைத்த கை யாருடையது? பிரேக்கை மிதித்த கால் யாருடையது? ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்டேன். என்னை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

தண்ணீரைக் கீழே வைத்துவிட்டேன். அழுதுவிட்டேன்.

அன்றே உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சியைப் பற்றிக்கூட. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"வெந்தயத்தையா சந்தேகப்பட்டீங்க?"

"ஆமா."

"காலைல மொதல் வேலையா டாக்டர்கிட்ட போறோம். நானும் உள்ள வருவேன்."

டாக்டரும் திட்டவில்லை. சட்டென்று நிறுத்தினால் இப்படித் தலைசுற்றலும் பயமும் திரும்ப வரும், நிறையப் பேர் நன்றாக இருக்கும்போதுதான் நிறுத்துகிறார்கள் என்றார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். சஹரில் சாப்பிடலாம் என்றார், என் சந்தேகம் ஒரே வரியில் தீர்ந்தது. பின்னால் ஒருநாள் அளவைக் குறைக்கலாம், ஆனால் சேர்ந்து பேசி, படிப்படியாக என்றார். காரில் உட்கார மறுபடி சில வாரம் தடை. எனக்குப் பதில் என் ஸ்டூடண்டுகளைப் பார்த்துக்கொண்டது செல்வம்தான். முதலாளியிடம் அவர் பேசிக்கொண்டிருந்ததும் அதைப் பற்றித்தானாம். பாய்க்கு முகம் சரியில்லை, கொஞ்ச நாள் லீவு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

பள்ளிவாசல் ஹஸ்ரத்திடமும் போனேன். மருந்தை நம்பினால் ஈமான் குறைவா என்று கேட்டேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்து சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "அப்ப நான் தொழ வெக்கிறதை நிறுத்திடவா பாய்?" என்றார். நோய்க்காரனுக்கு நோன்பிலேயே சலுகை இருக்கும்போது மாத்திரையை ஒளிக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

கமலா அக்கா வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தார். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போனேன். சொல்லி முடிக்கும்வரை பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தார்.

"எனுக்குத் தெரியும் பாய். பிரேக் மேல என் காலே இல்லியே. ஆனா நீ மாஸ்டரு. ஒருவேளை வெச்சிட்டேனோன்னு வூட்ல உக்காந்து என் காலையே நான் சந்தேகப்பட்டுகினு கெடந்தேன்."

அந்த வார்த்தை இன்னும் குத்துகிறது. மறுவாரம் வகுப்புக்கு வந்தார். லைசன்ஸும் எடுத்தார்.

பிள்ளைகளே, அத்தாவுக்கு நோய் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது மூன்றாவது பொய்யாகிவிடும். போன வருடம் மழைக்காலத்தில் மறுபடி தலை தூக்கியது. இந்தத் தடவை ஒளிக்காமல் அதே வாரம் டாக்டரிடம் போனேன். ஆலோசகர் மேடம் சொன்னபடி, சந்தேகம் வந்தால் உடனே நம்புவதில்லை. ஒரு தாளில் எழுதுகிறேன், அதற்கு என்ன ஆதாரம் என்று பக்கத்தில் எழுதுகிறேன். பாதி நேரம் ஆதாரம் என்ற இடம் காலியாகவே இருக்கும். இதை எழுதும்போதுகூட, மலரில் படித்துவிட்டு ஜமாஅத்தில் முதுகுக்குப் பின்னால் பேசுவார்களோ என்று மனசு கேட்கிறது. அதையும் எழுதிப் பார்த்தேன். பேசினால் பேசட்டும் என்று விட்டேன்.

சகோதரர்களே, உங்கள் வீட்டில் யாராவது காரணமில்லாமல் நெஞ்சு இறுகுகிறது என்றால் சிரிக்காதீர்கள், மந்திரித்த கயிறோடு நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள், கூடவே உள்ளே போங்கள். மருந்தைப் பாதியில் விடாதீர்கள். துஆவையும் விடாதீர்கள். கேட்கிறவனுக்கு அவன் கொடுக்கிறான், அது என் அனுபவம். ஆனால் அவன் காட்டுகிற இடத்தைப் பார்க்க நமக்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலையும் அவனிடமே கேளுங்கள்.

ஜுலைஹா, உன் கேள்விக்குப் பதில்: ஆமாம், அது என் மாத்திரைதான். பஞ்சை எடுத்ததும் நான்தான்.

நேற்று இதுவரை எழுதிவிட்டு, சாயங்காலம் அஸர் தொழுத பிறகு தனியாகக் கார் நிறுத்தியிருக்கும் இடத்துக்குப் போனேன். அந்தப் பழைய தகரப் பெட்டி இன்னும் சீட்டுக்கடியில்தான் கிடக்கிறது. வண்டிச் சோதனையில் காட்ட என்று ஆபீஸில் புதுப் பெட்டி கொடுத்தார்கள். பழையதை நான் தூக்கிப் போடவும் இல்லை, திறக்கவும் இல்லை. மூடி துருவேறி இறுகிப் போயிருந்தது. சாவியால் நெம்பித் திறந்தேன். மூலையில் ஒரு மாத்திரை ஈரத்தில் கரைந்து ஒட்டிக்கிடந்தது. அதைச் சுரண்டித் துடைத்தேன். வரும் வழியில் நம் தெருமுனை மருந்துக்கடையிலேயே வாங்கிய பஞ்சுக் கட்டைப் பிரிக்காமல் உள்ளே வைத்தேன். அளவு சரியாக இருந்தது. மூடிவிட்டு, உன் கைக்கு எட்டுகிற மாதிரி பின்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.